விமான நிலையத் தீயணைப்புப் படிப்புக்கு வயலை ஈடு வைக்கலாமோ?

புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதினவன். வெட்டுப்புள்ளி காணாமல் வீட்டில் நிற்கிறான். கொழும்பில் ஒரு நிறுவனம் விமான நிலைய இயக்கமும் விமான மீட்புத் தீயணைப்பும் என்று ஆறு மாத டிப்ளோமா நடத்துகிறதாம். முடித்தால் பலாலி, கட்டுநாயக்க விமான நிலையங்களில் வேலை, இல்லாவிட்டால் வளைகுடாவில் என்கிறார்கள். இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்தால்தான் காசு கட்டலாம். கட்டலாமோ? அங்கே உண்மையில் என்னதான் படிப்பிப்பார்கள்?"

தங்கச்சி, வயலை இப்போதைக்கு ஈடு வைக்க வேண்டாம். படிப்பு கூடாது என்று சொல்லவில்லை. நான் அந்த வேலையில் பதினான்கு வருடம் வளைகுடா விமான நிலையமொன்றில் நின்றுவிட்டு இப்போது பரந்தனில் இருக்கிறவன். அந்தத் தொழில் போட்ட சோற்றில்தான் என் வீடு எழும்பியது. ஆனால் அந்தப் படிப்பின் பெயரில் விற்கப்படும் சாமான் எல்லாம் ஒன்றல்ல. எது சரக்கு, எது வெறும் கடதாசி என்று பார்க்க உங்களுக்கும் மகனுக்கும் கொஞ்சம் விளக்கம் வேண்டும். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிமிடக் கணக்கு. 2016 செப்டம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாவட்டத்துக்கென்று ஒரு தீயணைப்பு வண்டி அன்றைக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே வண்டி வர வேண்டியிருந்தது. அது வந்து சேருமுன் எரிய வேண்டியது எரிந்துவிட்டது. விமான நிலையத்தில் இந்தக் கணக்கே வேறு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் இணைப்பு விதி, ஓடுபாதையின் எந்த மூலைக்கும் முதல் வண்டி 3 நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறது. 2 நிமிடம் என்றால் இன்னும் நல்லது என்று பரிந்துரைக்கிறது. போய் நின்றால் போதாது, நுரை அடிக்கத் தயாராக நிற்க வேண்டும். அழைப்பு மணி அடித்த நொடியிலிருந்து இந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். 4,500 லீற்றருக்கு மேல் தண்ணீர் சுமக்கும் பெரிய வண்டிகூட நின்ற இடத்திலிருந்து 40 செக்கனுக்குள் 80 கிலோமீற்றர் வேகத்தைத் தொட வேண்டும். நெல்மூட்டை ஏற்றிய லொறியை அப்படி ஓட்டிப் பார்த்தவனுக்கு அதன் பாடு விளங்கும்.

ஏன் இத்தனை அவசரம்? ஒரு பயணிகள் விமானத்தைப் பறக்க அனுமதிக்க முதல், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 செக்கனுக்குள் எல்லோரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும். வெளியில் எரியும் எரிபொருள் மெல்லிய அலுமினிய உடம்பை உருக்கி உள்ளே வர அதிக நேரம் எடுக்காது. 1985இல் மன்செஸ்டர் விமான நிலையத்தில் புறப்பட ஓடும்போதே தீப்பற்றிய போயிங் 737இல் 55 பேர் செத்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது புகை. 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் கரையோரக் காவல் விமானத்தோடு மோதி எரிந்தபோது, பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பெரிய விமானம் முழுதாக எரிந்து சாம்பலானது. அதற்காக யாரும் கவலைப்படவில்லை. ஆட்கள் இறங்கும் பாதையைத் தீ தொடாமல் பிடித்து வைப்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். தீயை முற்றாக அணைப்பது அதற்குப் பிறகு.

இனித் தண்ணீர்க் கணக்கு. விமான நிலையங்களை மீட்புத் தீயணைப்புக்காக 1 முதல் 10 வரை தரம் பிரிப்பார்கள். வந்துபோகும் விமானத்தின் நீளமும் உடம்பின் அகலமும்தான் அளவுகோல். பலாலிக்குச் சென்னையிலிருந்து வரும் ஏ.டி.ஆர். 72 என்ற சின்னப் பயணிகள் விமானத்தின் நீளம் 27 மீற்றர் சொச்சம், அது 5ஆம் தரம். ஏ320 என்றால் 37 மீற்றருக்கு மேல், 6ஆம் தரம். ஏ380 நீளத்தால் 9க்குள் அடங்கும், ஆனால் உடம்பு 7 மீற்றரைச் சற்றே தாண்டிவிடுவதால் 10க்குப் போய்விடும். வகுப்பில் இதைக் கேள்வியாகப் போட்டால் பாதிப்பேர் பிழை விடுவார்கள்.

6ஆம் தர நிலையமொன்றுக்கு வழமையான பி தர நுரை (நுரைக்கும் அதன் அணைக்கும் திறனைப் பார்த்துத் தரம் உண்டு) என்றால் குறைந்தது 7,900 லீற்றர் தண்ணீரும் இரண்டு வண்டியும் வேண்டும். அடிக்கும் வேகம் நிமிடத்துக்கு 4,000 லீற்றர். நம் வீடுகளில் கட்டிடத்தின் மேல் நிற்கும் 1,000 லீற்றர்க் கறுப்புத் தாங்கி நான்கை ஒரே நிமிடத்தில் கவிழ்ப்பது போல. வகுத்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்துக்குள் தண்ணீர் முடிந்துவிடும். தீயின் வீரியத்தை ஒரு நிமிடத்துக்குள் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்குகளின் அடிப்படை. குறி தப்பி நுரையைப் புல்லுக்கு அடித்தவனுக்கு இரண்டாம் தடவை இல்லை. இதை வெண்பலகையில் எழுதிப் படிப்பிக்கலாம், ஒரு மணித்தியாலம் போதும். கை பழக மாதங்கள் வேண்டும். நீங்கள் கேட்ட நிறுவனம் இதில் எதற்குக் காசு வாங்குகிறது என்பதே என் கேள்வி.

வன்னிப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் ஒரு முற்பணம் ஏற்கனவே கையில் இருக்கிறது. அதை நான் வெளிநாட்டில்தான் கண்டுபிடித்தேன்.

ஜெற் ஏ-1 என்கிற விமான எரிபொருள் சாதியில் மண்ணெண்ணெய்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் அப்பா மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஏன் முதலில் பெற்றோல்? பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவி விடும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். பயிற்சியில் தீப்பற்று நிலை, அதாவது எரிபொருள் பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பம், என்று ஒரு பாடம் வந்தது. ஜெற் ஏ-1க்கு அது குறைந்தது 38 பாகை செல்சியஸ். மற்றவர்கள் எண்ணைப் பாடமாக்கினார்கள், நான் அப்பாவின் உதையை நினைத்தேன். ஆனால் அங்கேதான் ஆசிரியர் ஒரு முடிச்சும் போட்டார். 38 என்று நிம்மதியாக இருக்காதே, சித்திரை வெயிலில் காய்ந்த தார்த்தரை அதைத் தாண்டும். குழாய் வெடித்து அழுத்தத்தோடு பீறிடும் எரிபொருள் நுண்துளிகளாகப் பறக்கும்போது எந்த வெப்பத்திலும் பற்றும். அதனால்தான் 14ஆம் இணைப்பு, தீயணைப்பாளர் நேரடித் தீயில் பயிற்சி எடுக்க வேண்டும், அதில் அழுத்தத்தோடு பீறிடும் எரிபொருள் தீயும் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது.

காற்றும் அப்படித்தான். தீக்கு எப்போதும் காற்று முதுகில் படும் பக்கத்தால் போ என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. சூடடித்து நெல் தூற்றின எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கம் மாறி நின்றால் பதர் கண்ணுக்குள் வரும். ஓடுபாதையையே காற்றைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். பலாலி ஓடுபாதையின் இலக்கம் 05, மறுமுனை 23. திசைகாட்டியில் 50 பாகை, 230 பாகை என்பதைச் சுருக்கிய எண்கள் அவை. வடகிழக்கும் தென்மேற்கும். அதாவது மாரிக்கு வாடை, கோடைக்குச் சோளகம். கட்டுநாயக்கவும் 04, 22 என்று கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் கிடக்கிறது. விமானம் எதிர்க்காற்றில் ஏறி இறங்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், கணிதப் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

பம்ப் கதையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் மூன்றாம் கிழமை, திறந்த தொட்டியிலிருந்து காவு பம்பால் தண்ணீர் இழுக்கச் சொன்னார்கள். எங்கள் அணியில் எட்டுப் பேர், ஆறு நாட்டுக்காரர். பம்ப் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. காற்றை வெளியேற்றும் நெம்பை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள், அளவுமானி அசைந்து மறுபடி விழுகிறது. நான் உறிஞ்சு குழாயைக் கையால் தடவிக்கொண்டு போனேன். இரண்டாவது இணைப்பில் வாசர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. கழற்றி, நனைத்து, நேராக்கி, இறுக்கிவிட்டு இழுத்தேன். வந்துவிட்டது. பயிற்றுநர், முன்பு எங்கே வேலை செய்தாய் என்று கேட்டார். வெங்காயத் தோட்டத்தில் என்றேன். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பம்பைக் கிணற்றுக்குள் பலகை கட்டி இறக்குகிறோமே, அதன் காரணமும் வகுப்பில்தான் தெரிந்தது. எந்தப் பம்பும் நடைமுறையில் ஏழு மீற்றர் சொச்சத்துக்குக் கீழிருந்து உறிஞ்சாது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம், அதற்கு மேல் அதற்குச் சக்தி இல்லை.

மூச்சுக் கருவியில் மட்டும் தோட்டம் கைகொடுக்கவில்லை. முதுகில் கட்டும் சிலிண்டரின் கொள்ளளவு 6.8 லீற்றர், 300 பார் அழுத்தம். பெருக்கினால் 2,040 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் மூச்சு என்று வைத்தால் 51 நிமிடம். பாடப்புத்தகத்துக்கு அது சரி. முதல்முறை இருட்டு அறைக்குள் செயற்கைப் புகையில், சுவரைத் தடவி, 70 கிலோ பொம்மையைத் தேடி இழுத்து வந்தபோது எனக்கு 22ஆவது நிமிடம் விசில் ஊதிவிட்டது. 55 பார் அளவில் ஊதும் எச்சரிக்கை விசில் அது. ஊதினால் ஒன்பது நிமிடக் காற்றுத்தான் மிச்சம், அதுவும் அமைதியாக மூச்சு விட்டால். பயந்தவன் காற்றைக் குடிப்பான். ஆறாம் தடவை 34 நிமிடம் வந்தேன். அந்த ஐந்து தடவையைத்தான் பயிற்சி என்று சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டுபவருக்கு இன்னொரு பாடம். 2013 ஜூலை 6ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் ஏசியானா விமானம் தரையில் மோதியபோது, தரையில் கிடந்த 16 வயது மாணவியை நுரை மூடிவிட்டது. தீயணைப்பு வாகனம் அவள் மேல் ஏறியது. நுரை தீயை மறைப்பதுபோல ஆளையும் மறைக்கும். அதற்குப் பிறகு எங்கள் நிலையத்திலும், நுரைக்குள் வண்டி நகர்வதென்றால் முன்னால் ஒருவர் நடந்து வழி பார்க்க வேண்டும் என்றாக்கினார்கள்.

விமான நிலைய இயக்கம் என்ற மற்றப் பாதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓடுபாதைப் பரிசோதனை, விமானம் நிறுத்துமிடத்தின் ஒழுங்கு, வாகன அனுமதி, ரேடியோவில் ஆங்கிலம் பேசும் முறை, பறவை, விலங்குக் கட்டுப்பாடு, விமானிகளுக்கு அறிவித்தல் எழுதுவது. கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் 2000ஆம் ஆண்டு பாரிஸில் கொன்கோர்ட் விழுந்து 113 பேர் செத்ததற்குத் தொடக்கம், முன்னால் போன விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த ஒரு முழத்துக்கும் குறைந்த உலோகப் பட்டி. காலையில் ஓடுபாதையைப் பார்த்து வருகிறவன் சும்மா சவாரி போகவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் 3 மில்லிமீற்றரைத் தாண்டித் தேங்கினால் அதற்குத் தனிக் குறியீடு. 2021 நவம்பர் 4ஆம் திகதியிலிருந்து உலகம் முழுக்க ஓடுபாதையின் நிலையை 0 முதல் 6 வரை ஒரே முறையில் சொல்ல வேண்டும். மாடு, நாய், மயில் விரட்டுவதும் இதற்குள்தான் வரும். அதற்கும் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் நின்ற பிள்ளைகள் நம்மிடையே நிறைய. முகக்கவசம் போட்டு, அளந்த பாதைக்குள், விதியை ஒருநாளும் குறுக்காமல் நாள் முழுக்க வெயிலில் இருந்த அந்த ஒழுக்கம்தான் விமான நிலையத்தில் முதலில் கேட்கப்படுவது. அப்படி யாராவது உங்கள் ஒழுங்கையில் இருந்தால் மகனை அவரோடு ஒரு பின்நேரம் கதைக்க விடுங்கள்.

இனி வேலை. இலங்கையில் சிவில் விமான நிலையங்களை நடத்துவது ஏ.ஏ.எஸ்.எல். என்கிற விமான நிலைய, விமான சேவைகள் நிறுவனம். ஒழுங்குபடுத்துவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. தீயணைப்பாளரைப் பொதுவாக எல்லா நாட்டிலும் விமான நிலையமே விளம்பரம் போட்டு எடுத்து, எடுத்த பிறகு தானே பயிற்றும். படிப்புத் தகைமையோடு உயரம், பார்வை, நிறம் பிரித்தறிதல், ஓட்டம், நீச்சல் போன்றவற்றைப் பார்ப்பார்கள். தனியார் டிப்ளோமா அந்த வரிசையில் ஒரு கூடுதல் கடதாசி, கதவைத் திறக்கும் சாவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலாலி சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி திறக்கப்பட்டது எங்களுக்குப் பெரிய சந்தோசம்தான். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். 5ஆம் தரத்துக்கு விதிப்படி தேவைப்படும் வண்டி ஒன்று. ஒரு வண்டிக்கு எத்தனை பேர் வேலைக்கு வேண்டும்? பெரிய விமானம் இறங்கும் நாளில்தான் அந்த எண்ணிக்கை கூடும். பலாலியில் வேலை என்று ஒரு வகுப்பு முழுக்க வாக்குக் கொடுக்கிறவர் இந்தக் கணக்கைச் செய்து பார்க்காதவர், அல்லது செய்து பார்த்தும் சொல்லாதவர்.

என் அக்காவின் மகன் ஒருவன் இப்படி ஒரு இடத்தில் காசு கட்டினான். பெயர் வேண்டாம். ஆறு மாதமும் குளிரூட்டிய அறையில் படம் போட்டுக் காட்டினார்கள். தீ என்று கண்டது கடைசி நாள் தகரப் பீப்பாவுக்குள் எரிந்த கடதாசி, அதற்கு ஆளுக்கு ஒரு சின்னத் தீயணைப்பான். தலைக்கவசம் நான்கு, மாணவர் முப்பது, படம் எடுக்க மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்தப் படம் இன்றும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவன் இப்போது பஸ் நடத்துநர்.

அப்படியானால் மகன் என்ன செய்யலாம்? நான் என்றால் இந்த ஒரு வருடத்தை இப்படிப் போக்குவேன். அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகன, இயந்திர, மின் பிரிவுகள் இருக்கின்றன, என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் அரசு ஏற்றுக்கொண்டது. பெரிய எஞ்சினையும் பம்பையும் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனைத் தீயணைப்பு நிலையம் விரும்பும், வேலை கிடைக்காவிட்டாலும் அந்தக் கை பட்டினி கிடக்காது. செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன்ஸ் அம்புலன்ஸிலோ முதலுதவி படிக்கலாம். கிளிநொச்சியில் இப்போது கரைச்சிப் பிரதேச சபைக்குத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. அங்கே போய், ஐயா ஹோஸ் சுருட்டப் பழகலாமோ என்று பணிவாகக் கேட்கட்டும். விடுவார்களோ இல்லையோ, கேட்டவனை மறக்க மாட்டார்கள். கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயது வந்ததும் எடுக்கட்டும். ஆங்கிலம் பேசப் பழகட்டும், ரேடியோவில் தமிழ் செல்லாது. காலையில் இருபது லீற்றர்க் கான் இரண்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியிலிருந்து படலைவரை பத்துத் தரம் நடக்கட்டும். உடற்தேர்வில் விழுகிறவர்களில் பலர் கைப்பிடி தளர்ந்துதான் விழுகிறார்கள்.

இதற்குப் பிறகும் அந்த டிப்ளோமாதான் வேண்டும் என்றால், காசு கட்ட முதல் நீங்களே போன் எடுத்துக் கேளுங்கள். நேரடித் தீப்பயிற்சி எத்தனை நாள், எந்த எரிபொருளில்? பீறிடும் எரிபொருள் தீ உண்டோ? மாணவர் எத்தனை பேர், மூச்சுக் கருவி எத்தனை? பயிற்றுவிப்பவர் எந்த விமான நிலையத்தில் எத்தனை வருடம் நின்றவர்? நுரை எந்த வகை? பழைய புளோரின் நுரை மண்ணுக்குள் இறங்கினால் அழியாது, கிணற்றுக்குள் போய்ச் சேரும். அதனால்தான் விமான நிலையங்கள் புளோரின் இல்லாத நுரைக்கு மாறி வருகின்றன. இதைக் கேட்டவுடன் மறுபக்கம் பதில் வருகிறதா, இல்லை "மேடம், முதலில் பதிவுக் காசைக் கட்டுங்கள்" என்று வருகிறதா என்று பாருங்கள்.

பதில் வந்தால் வகுப்பறையைப் பார்க்கப் போக வேண்டாம், பயிற்சித் திடலைக் காட்டச் சொல்லுங்கள். தீ மூட்டும் குழியைச் சுற்றி மண் கருகிக் கிடக்கிறதா, காஸ் அடுப்பு முறை என்றால் குழாய் வாயில் புகைக்கறை இருக்கிறதா, அல்லது புல் முளைத்து மாடு மேய்கிறதா என்று மகனை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், வயலைப் பற்றி அப்போது கதைப்போம்.